டப்பாவுக்கு நானூறு, பார்த்துச் சொன்னதற்கு எவ்வளவு?

மே மாதத்து மத்தியானத்தில் போன் அடித்தால் மறுமுனையில் என்ன சொல்லப்போகிறார்கள் என்று எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். "ஏசி ஓடுது, காத்து வருது, ஆனா கூலிங் இல்லை. கேஸ் தீந்துபோச்சு போல. ஒரு பையனை அனுப்புங்களேன், ரொப்பிட்டுப் போகட்டும்." லஸ் கார்னரிலிருந்து வந்தாலும் இதுதான், பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து வந்தாலும் இதுதான், அடையாறு காந்தி நகரிலிருந்து வந்தாலும் இதுதான். கோளாறு என்ன, வைத்தியம் என்ன என்று இரண்டையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நாம் போய்ச் செய்ய வேண்டியது பில் எழுதுவது மட்டும்.

மண்டைவெளியில் ஒரு சந்தில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் டிரேடு படித்துவிட்டு, விண்டோ ஏசி காலத்தில் தொழிலுக்கு வந்தவன். ஏசி மெக்கானிக்குகள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று வருஷா வருஷம் கோடை பிறந்தால் யாராவது எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். ஸ்பானர் பிடிக்கிறவன் பக்கத்திலிருந்தும் ஒன்று வரட்டும் என்றுதான் இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேவையில்லாத கேஸுக்கு நீங்கள் மூவாயிரம் ரூபாய் அழுவதற்கு மெக்கானிக்கின் பொய் பாதிக் காரணம். பார்த்துச் சொல்வதற்குக் கூலி கொடுக்க உங்களுக்கு மனசு வராதது மீதிப் பாதி.

முதலில் கேஸ் விஷயம். சமையல் கேஸ் மாதிரி எரிந்து செலவாகிற பொருள் இல்லை அது. செப்புக் குழாய்க்குள் அடைபட்டு, சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் காயில் அரித்துப்போய் லீக் ஆவது உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கேஸ் குறைந்த ஏசியின் லட்சணமே வேறு. வெளியே கம்ப்ரஸர் ஓடும், ஃபேன் ஓடும். உள்ளே காற்று அரைகுறைச் சில்லிப்பாக வரும். மெல்லிய குழாயில் பனி பிடிக்கும். "நேற்று ராத்திரி நன்றாக இருந்தது, இன்று மத்தியானம் சுத்தமாக இல்லை" என்றால் அது பெரும்பாலும் கேஸ் அல்ல.

அவுட்டோர் யூனிட் பக்கத்தில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். ரிமோட்டை ஆன் செய்து இரண்டு மூன்று நிமிஷம் கழித்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஓர் உறுமல். சில விநாடிகளில் மறுபடி ஒரு 'டக்', அப்புறம் அமைதி. ஐந்து பத்து நிமிஷம் கழித்து அதே கச்சேரி மறுபடியும். கம்ப்ரஸர் புறப்படப் பார்க்கிறது, முடியவில்லை, சூடாகி ஓவர்லோடு தட்டிவிடுகிறது. உள்ளே இண்டோர் யூனிட்டின் ஃபேன் மட்டும் சுற்றி, ரூம் காற்றையே எடுத்து ரூமுக்கே திருப்பி ஊதிக்கொண்டிருக்கும். "காத்து வருது, கூலிங் இல்லை" என்பது இதுதான். இந்த உறுமலுக்கு முதல் சந்தேகம் யார் மேல் என்றால், அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டுத் தகடுக்குள் ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும் அலுமினிய டப்பா மேல். கெப்பாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் வாயில் கண்டன்சர். நல்ல கம்பெனி சரக்கே முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வரும் கரண்ட் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ். அது மட்டும் இருந்தால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்ற இடத்தில் நடுங்கும். அதனால் மோட்டாருக்குள் இரண்டாவதாக ஒரு சுற்று கம்பி வைத்து, அதற்குப் போகும் கரண்டைக் கெப்பாசிட்டர் வழியாக விட்டு நேரத்தில் கொஞ்சம் தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தள்ளல்தான் மோட்டாருக்குத் திசையையும் முதல் உந்தலையும் கொடுக்கிறது. கிளம்பிய பிறகும் அது விலகிக்கொள்வதில்லை, ஓடும் நேரம் முழுக்கச் சர்க்யூட்டிலேயே இருக்கிறது. ஒரு டன், ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசிகளில் இதன் அளவு 25 முதல் 50 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளி ஃபேன் மோட்டாருக்குத் தனியாக 2, 4, 6 என்று ஒரு குட்டி இருக்கும். சிலதில் இரண்டும் ஒரே டப்பாவுக்குள், மேலே மூன்று முனையோடு.

டப்பாவுக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன்மேல் அலுமினியமோ துத்தநாகமோ மிக மெல்லிசாகப் பூசிச் சுருட்டியிருப்பார்கள். எங்காவது பொத்தல் விழுந்து ஷார்ட் ஆனால், அந்தப் புள்ளியைச் சுற்றியிருக்கும் பூச்சு ஆவியாகிப்போய்த் தானே தன்னைச் சரி செய்துகொள்ளும். கெட்டிக்காரச் சாதனம். ஆனால் ஒவ்வொரு தடவை சரி செய்துகொள்ளும்போதும் கொஞ்சம் பூச்சு போய்விடுகிறது, அளவு கொஞ்சம் இறங்குகிறது. 36 என்று எழுதியிருப்பது 34 ஆகும், 31 ஆகும், ஒரு கோடையில் 27 ஆகும். பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை, தேய்ந்து தேய்ந்துதான் சாகிறது. மேல்மூடி உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்துகொண்டு உள்ளே காலியானவைதான் ஆளைக் குழப்பும்.

இது சென்னையில் ஏன் இத்தனை போகிறது என்று கேட்டால், சூடு. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது கெப்பாசிட்டர் விஷயத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் குத்துமதிப்பான கணக்கு. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல். அது நிழலில் வைத்த கருவி சொன்ன கணக்கு. தி.நகர் அடுக்குமாடிகளில் நாலு மாடி அவுட்டோர் யூனிட்களையும் ஒரே டக்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் ஊதித் தள்ளும் சூட்டைத்தான் மேல்வீட்டு ஏசி மூச்சாக இழுக்கிறது. அங்கே ஒரு மேற்குப் பார்த்த சுவரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். போதாததற்குப் புறா. கூடு, எச்சம், இறகு எல்லாம் காயிலை அடைத்துக்கொண்டு சூட்டை வெளியே விடாது. புறாவுக்குப் பொட்டுக்கடலை போடும் புண்ணியவான்கள் அடுத்த வீட்டு ஏசி பில்லில் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை.

அடுத்தது வோல்ட்டேஜ். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் கடைசி வீட்டுக்கு 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200-க்குக் கீழே வருவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். வோல்ட்டேஜ் இறங்கினால் மோட்டாரின் உந்துசக்தி அதைவிட வேகமாக இறங்கும். வெளியே வெயில் ஏறியிருப்பதால் கம்ப்ரஸர் தள்ள வேண்டிய பிரஷரோ கூடியிருக்கும். தேய்ந்துபோன கெப்பாசிட்டர் ராத்திரி பத்து மணிக்கு எப்படியோ சமாளித்துக் கிளப்பிவிடும், மத்தியானம் இரண்டு மணிக்குக் கையை விரித்துவிடும். அதனால்தான் "ராத்திரி ஓடுது, பகல்ல ஓட மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால், நான் பையில் சிலிண்டரைத் தூக்குவதற்கு முன் மீட்டரை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த மூவாயிரம் ரூபாய்க்கு வருவோம். கம்ப்ரஸரே ஓடாமல் நிற்கும் யூனிட்டில் கேஜை மாட்டி, முள்ளைக் காட்டி, "பாருங்க சார், கேஸ் கம்மி" என்று ஒருவர் சொன்னால் அது பச்சைப் பொய். நிற்கும் ஏசியில் கேஜ் காட்டுவது வெளி வெப்பத்துக்கு ஏற்ற பிரஷரை. பழைய ஆர்-22 என்றால் 35 டிகிரியில் 180 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்கும். இப்போது வரும் ஆர்-32 என்றால் 300 பக்கம். உள்ளே சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கும்வரை முக்கால் அளவு கேஸ் இருந்தாலும் முழு அளவு இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஏசியை ஓட விட வேண்டும். ஓட விடுவதற்குக் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் ஏசி பாட்டுக்கு ஓடும், கேஸ் பேச்சுக்கே இடம் இருக்காது. ஆக, வரிசையைத் தலைகீழாக்கினால்தான் இந்த வியாபாரம் நடக்கும். சத்தம் போடாமல் டப்பாவை மாற்றிவிட்டு, சிலிண்டரைக் குழாயில் மாட்டிச் சும்மா திறந்து மூடி, "கேஸ் ஃபுல் பண்ணியாச்சு" என்று சில்லென்ற காற்றையே சாட்சியாக நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், தான் சொன்னது சரியாகிவிட்டதே!

இன்னும் மோசமானவர்கள், இருக்கும் நல்ல கேஸை வெளியே திறந்துவிட்டுப் புதிதாக ரொப்புவார்கள். ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் 1,810 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம், ஓசோனுக்கும் கேடு. ஆர்-32 கொஞ்சம் தேவலை, 675. ஆனால் அது தீப்பற்றக்கூடியது. நானூறு ரூபாய் கோளாறுக்கு ஊர் வானத்தில் இதை விட்டுவிட்டுப் போகிறோம்.

பொய் சொல்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் ஏன் உண்மை சொல்லிப் பிழைக்க முடியவில்லை என்றுதான் சொல்ல வருகிறேன். கச்சேரி ரோடு பக்கம் ஒரு மாமி வீடு. போன கோடையில் போனேன். உறுமல் கேட்டது, தகட்டைக் கழற்றி அளந்தேன், 36-க்கு 22 காட்டியது. கையிலிருந்த புதிதை மாட்டினேன், கிளம்பிவிட்டது. பில் தொள்ளாயிரம்.

"ஏம்ப்பா, இத்தனூண்டு டப்பாக்கு தொள்ளாயிரமா? ஆன்லைன்ல எரநூத்தம்பதுன்னு போட்டிருக்கானே!"

"டப்பாக்கு நானூறுதான் மாமி. மீதி, இந்த டப்பாதான்னு கண்டுபிடிச்சதுக்கு."

"பத்து நிமிஷங்கூட ஆகலையேடா!"

பத்து நிமிஷத்தில் முடிந்ததுதான் அவருக்குக் குறை. இரண்டு மணி நேரம் சிலிண்டரும் கேஜும் ஹோஸுமாக ஹால் முழுக்கப் பரப்பி, வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தால் மூவாயிரத்தை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்து, கூடவே ஒரு டம்ளர் காபியும் கொடுத்திருப்பார். அதே தெருவில் ஜோசியர் ஜாதகக் கட்டத்தைப் பார்த்து "தோஷம் ஒன்றும் இல்லை" என்று சொன்னால், தட்டில் ஐந்நூறு ரூபாயை வெற்றிலைபாக்கோடு வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். தோஷம் இல்லாததற்கு எதற்குக் காசு என்று யாரும் பேரம் பேசுவதில்லை. மாமி கடைசியில் எழுநூறு கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன், பழகிய வீடு.

கூலியை நேராகக் கேட்டால் கிடைக்காது என்று கண்டவன் அதைப் பொருளுக்குள் ஒளித்துக் கேட்கிறான். கேஸ் அதற்கு வசதி. கண்ணுக்குத் தெரியாது, எடைபோட்டுப் பார்க்க ஆளில்லை, வீட்டுக்காரரே பெயரை எடுத்துக் கொடுக்கிறார். என் கடையில் தொழில் கற்றுக்கொண்டு, போனில் புக் செய்தால் ஆள் அனுப்பும் ஒரு கம்பெனிக்குப் போன பையன் ஒருவன் இருக்கிறான். கெப்பாசிட்டர் மாற்றினால் அவனுக்குக் கிடைக்கும் பங்கு பெட்ரோலுக்குக் காணாது, கேஸ் போட்டால் அன்றைய சம்பளம் தேறிவிடும் என்கிறான். "அண்ணே, நான் திருடன் இல்லண்ணே. ஆனா மாசக் கடைசில வீட்டு வாடகை கேக்குறாங்கல்ல?" அவனுக்கு என்ன பதில் சொல்வது? அவன் வேலையைக் குறைத்து விலைபோட்ட கம்பெனியும், இலவச இன்ஸ்பெக்‌ஷன் என்றால் மட்டும் பட்டனை அமுக்கும் வாடிக்கையாளரும் சேர்ந்து அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இலவசமாகப் பார்க்க வருகிறவன் எதையாவது விற்காமல் திரும்பிப் போக முடியாது. இலவசம் என்ற சொல்லைக் கண்டால் எனக்கு முதலில் வரும் பயம் இதுதான்.

அந்த டப்பா இருக்கும் இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய விண்டோ ஏசியை உள்ளே இழுத்து, டேபிள் மேல் வைத்து வேலை பார்த்தோம். இப்போது அவுட்டோர் யூனிட் மூன்றாவது மாடி வெளிச்சுவரில், கைக்கு எட்டாத ஆங்கிளில் தொங்குகிறது. கட்டும்போது அழகைப் பார்த்து மாட்டுகிறார்கள், ரிப்பேருக்கு ஒரு மனுஷன் வந்து நிற்க வேண்டும் என்று எந்த பில்டரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. சன்ஷேடு மேல் கால் வைத்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். சுட்ட வெயிலில் தகடு கையில் ஒட்டும். என் பையன்களுக்கு இடுப்பு பெல்ட்டும் கயிறும் வாங்கி வைத்திருக்கிறேன். கட்டிக்கொண்டு இறங்க இருபது நிமிஷம் கூடுதலாகிறது. "எதுக்குப்பா இந்த சர்க்கஸ், போன தடவை வந்தவர் சும்மா எறங்கிப் பாத்துட்டுப் போனாரே" என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன.

வீட்டுக்காரர் இதில் கை வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இடித்துப் பொறி பறக்கவிடுவதைச் சிலர் வீரம் என்று நினைக்கிறார்கள். டப்பாவும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. 20 கிலோ ஓம், ஐந்து வாட் ரெஸிஸ்டர் ஒன்றை முனைகளில் சில விநாடி வைத்து, மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் தொடுகிறோம். வெளி ஃபேனைக் குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். சுற்றும்தான். விரலும் போகும்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வரும் மெக்கானிக்கிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். மல்டி மீட்டரில் கெப்பாசிட்டர் அளக்கும் இடம் இருக்கிறது. இல்லாத மீட்டரை வைத்துக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். 36 என்று எழுதி, ஐந்து சதவீதம் முன்பின் என்று போட்டிருந்தால் 34.2-க்கும் 37.8-க்கும் நடுவில் காட்ட வேண்டும். ஏசி எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கவும் வழி உண்டு: கெப்பாசிட்டர் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியரைப் பார்த்து, அதை 3183-ஆல் பெருக்கி, முனைகளுக்கு இடையே இருக்கும் வோல்ட்டால் வகுக்க வேண்டும். 4 ஆம்பியர், 380 வோல்ட் என்றால் 33.5. 36 எழுதிய டப்பாவுக்கு அது விடைபெறும் நேரம். அமெரிக்க வீடியோவைப் பார்த்துக் கற்ற பையன்கள் 2652 என்று பெருக்குவார்கள். அது அவர்களுடைய 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு, நம்முடையது 50.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தால்தான் அடுத்த சந்தேகம் கம்ப்ரஸர் மேல் போக வேண்டும். அதற்கும் முன்னால் வோல்ட்டேஜ், காந்திப்போன ஒயர் லக், துருப்பிடித்த முனை எல்லாம் இருக்கின்றன. கம்ப்ரஸரின் மூன்று முனைகளில் ஓம் பார்த்து, காமன் என்ற பொது முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் காட்டுவதைக் கூட்டினால் அந்த இரண்டுக்கும் நடுவில் காட்டுவது வர வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. நாலைந்து தடவை உறுமி உறுமிச் சூடான கம்ப்ரஸரில் உள்ளிருக்கும் ஓவர்லோடு திறந்துகொண்டுவிடும், காமன் முனையில் மீட்டர் ஒன்றுமே காட்டாது. அவசரக்காரர் அதைப் பார்த்து "வைண்டிங் போச்சு, கம்ப்ரஸர் மாத்தணும், பதினஞ்சாயிரம்" என்று எழுதிக் கொடுப்பார். மெயினை அணைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டால் அதே மீட்டரில் கணக்குச் சரியாக வந்துவிடும். அசோக் நகரிலிருந்தும் இந்திரா நகரிலிருந்தும் கம்ப்ரஸருக்குச் சாவு ஓலை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. டப்பா மாற்றி அனுப்பியிருக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரம் காத்திருப்பதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

டப்பாவின் உடம்பில் எழுதியிருப்பதையும் படிக்கலாம். மோட்டார் கெப்பாசிட்டர்களுக்கு ஐ.எஸ். 2993 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. சர்வதேசத் தர அளவுப்படி ஆயுளுக்கு வகுப்பு உண்டு: ஏ என்றால் 30,000 மணி, பி 10,000, சி 3,000, டி 1,000. தினம் எட்டு மணி நேரம் வருஷம் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 2,900 மணி. கம்ப்ரஸர் இடையிடையே நிற்பதைக் கழித்தாலும், சி வகுப்பு டப்பாவை மாட்டினால் அடுத்த இரண்டு கோடைக்குள் நான் மறுபடி வர வேண்டியிருக்கும். வெப்பத்துக்கு 70 என்று சிலதில் இருக்கும், 85 என்று சிலதில். சென்னை மேற்குச் சுவருக்கு 85 வாங்குங்கள், விலை அப்படி ஒன்றும் வித்தியாசப்படாது. ரிச்சி தெருவில் ஒரே அளவுக்கு மூன்று விலையில் சரக்குக் கிடைக்கும். அடிமட்ட விலைச் சரக்கில் இந்த எழுத்துகளே இருக்காது, ஒரு சிங்கமோ கழுகோ மட்டும் அச்சடித்திருக்கும்.

அளவு மாற்றி மாட்டுவதும் நடக்கிறது. 36 கையில் இல்லை, 50 இருக்கிறது, "பெருசா போட்டா நல்லா இழுக்கும் சார்" என்று மாட்டிவிடுவார்கள். நன்றாகத்தான் இழுக்கும். இரண்டாவது சுற்றுக்கம்பியில் தேவைக்கு மேல் கரண்ட் போய், கொஞ்ச நாளில் கம்ப்ரஸரையே சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். வோல்ட் மட்டும் கூட இருக்கலாம், 400 இருந்த இடத்தில் 440 போடலாம். 440 இருந்த இடத்தில் 400 கூடாது.

இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். உண்மைதான், அவர்கள் கம்ப்ரஸருக்கு இந்த அலுமினிய டப்பா கிடையாது. அந்த வேலையை ஒரு சர்க்யூட் போர்டு செய்கிறது. அந்த போர்டிலும் 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் நிற்கின்றன. அவையும் சூட்டில் வற்றுகின்றன, ராத்திரி கதகதப்புக்கு ஒண்ட வரும் பல்லி இரண்டு முனைகளைத் தொட்டு போர்டையும் கொளுத்தித் தானும் போகிறது. நூறு இருநூறு ரூபாய்ச் சாமான் போனாலும் போர்டு முழுசாக மாற்றணும் என்பதுதான் பதில். அது எட்டாயிரத்துக்குக் குறையாது. போர்டைப் பிரித்து எந்தச் சாமான் போயிற்று என்று கண்டுபிடிக்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் கம்பெனி அவர்களுக்குச் சர்க்யூட் படத்தைக் கொடுப்பதில்லை. ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு போட்டது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம் என்று பொருளுக்கு மார்க் போடும் திட்டத்தின் அறிக்கை 2025-ல் வந்தது. மார்க் முதலில் செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும்தானாம். ஏசியின் முறை வரும்போது நான் தொழிலில் இருப்பேனோ இல்லையோ!

2019-ல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டத்தில் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று எழுதியிருந்தார்கள். நல்லதுதான், சான்றிதழ் கையில் உள்ள பையன் வேலையில் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் சான்றிதழோடு வருகிறவனையும் "இன்ஸ்பெக்‌ஷன் ஃப்ரீதானே?" என்று வாசலிலேயே கேட்டால், அவன் படித்த படிப்பு எதற்கு?

எங்கள் சந்தில் நான் இரண்டு வேலை ஆரம்பித்திருக்கிறேன். பார்வைக் கூலி ஐந்நூறு, போர்டில் பெரிசாக எழுதி வைத்தாயிற்று. கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாலும் அது உண்டு. இரண்டாவது, பில்லில் மூன்று கட்டம்: டப்பாவில் எழுதியிருந்த அளவு, பழையது காட்டிய அளவு, புதியது காட்டும் அளவு. பழைய டப்பா வீட்டுக்காரர் கையில். கேஸ் போட்டால் சிலிண்டரின் எடை முன்னும் பின்னும், லீக் எங்கே என்று அடைத்த இடத்தின் போட்டோ. லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவதில்லை. போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் பார்வை இலவசம். குடியிருப்போர் சங்கங்கள் நினைத்தால் இந்த மூன்று கட்டத்தை எல்லா மெக்கானிக்குக்கும் கட்டாயமாக்கலாம். லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் லாக் புக் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. பில் இருந்தால், ஏமாந்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் கையில் ஒரு காகிதம் இருக்கும். "கேஸ் ஃபில்லிங் 3,000" என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் பேச முடியாது.

இன்னொன்று, காலம். கத்திரி வெயிலில் எல்லாரும் ஒரே நாளில் கூப்பிட்டால் ஒரு பையன் தினம் பன்னிரண்டு வீடு ஏறி இறங்குகிறான், அவனிடம் பொறுமையாக அளந்து பார் என்று என்னாலேயே சொல்ல முடிவதில்லை. மார்கழியில் கடையில் ஈ ஓட்டுகிறோம். சபாவில் இரண்டு கச்சேரிக்கு நடுவில் ஒரு போன் போட்டால் போதும். காயிலைக் கழுவி, லக்கை முறுக்கி, டப்பாவை அளந்து, 36 என்று எழுதியது 34-க்குக் கீழே காட்டினால் அப்போதே மாற்றிவிடலாம். அந்த மாசத்தில் பார்வைக் கூலியில் பாதி வாங்கினால் போதும் என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.